நூற்றுப் பதினான்காம் பெட்டி

அன்றைக்கு ஹெலிகாப்டர் ஹேங்கரில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். விமானிகள் இரண்டு பேர். கயிற்றை இறக்கி ஏற்றுகிறவர் ஒருவர். கடலில் குதிக்கிற நீச்சல்காரர் ஒருவர். இன்ஜினியர் மேத்யூ சார். டெக்னீஷியன்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நிஷாந்த். பெருக்கித் துடைக்கிற குருவம்மாள். ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே நான். விசாரணை அறிக்கையில் எட்டுப் பேர் என்று போட்டிருக்கிறார்கள். குருவம்மாளை விட்டுவிட்டார்கள். துடைப்பம் பிடித்தவள் கணக்கில் வரமாட்டாள் போலிருக்கிறது.

மன்னிக்க வேண்டும் சார். நானாக யாரிடமும் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லை. தொண்டியில் பஸ் ஏறினதிலிருந்து உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசினேனா? இப்போது நீங்கள் போனில் சொன்னீர்களே, ‘அரிசி நிறைஞ்சிருக்கா? சரி, இறங்குனதும் வாங்கிட்டு வாரேன்’ என்று. அது காதில் விழுந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நிறைந்திருக்கிற அரிசியை எதற்கு வாங்க வேண்டும் என்று உங்களுக்குக் குழப்பம் வரவில்லை பாருங்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் பழக்கம். பானை காலியானால் காலி என்று வாயால் சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இது புரிகிற ஓர் ஆளிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமும் ஏழு மாதமும் காத்திருக்கிறேன்.

மடியில் இருக்கிற பை கருவாடு. வாடை வந்தால் சொல்லுங்கள், காலுக்கடியில் வைத்துக்கொள்கிறேன். அது எப்படி வந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் நிற்கிற ஒரு தளத்தில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். சீருடை கிடையாது, சிவில் ஆள். படிப்பு எட்டாவது. அதற்கு முன்னால் விருதுநகரில் தாய்மாமன் இரும்புக்கடையில் ஒன்பது வருஷம். ஸ்டோரில் இருபத்தாறு வருஷம். ஹெலிகாப்டர் ஒன்றுதான், ஆனால் அதன் உதிரி பாகங்களுக்கு என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். கடலில் தத்தளிக்கிறவனை அது போய்த் தூக்கிக்கொண்டு வருவதை எல்லாரும் பத்திரிகையில் பார்க்கிறார்கள். ஒரு ரப்பர் வளையம் குறைந்தால்கூட அது தரையை விட்டு எழும்பாது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நூற்றுப் பதினான்காம் பெட்டியில் இருப்பது கொக்கிக்கான ஸ்பிளிட் பின். பெண்கள் கொண்டையில் செருகுகிற ஊசியைப் பார்த்திருப்பீர்கள், அந்த அமைப்புதான், நீளம் அதில் பாதி. கயிற்றின் முனையில் ஆளைத் தூக்குகிற கொக்கி இருக்கிறது. அதன் நட்டு சுழன்று கழலாமல் இருக்க இதைக் குறுக்கே செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். இது உடைந்தால் கொக்கியோடு ஆளும் கடலில். ஒருமுறை கழற்றினதை மறுபடி போடக் கூடாது. வளைந்த கம்பியை நிமிர்த்தினால் பலம் போச்சு.

அதனால் என் ஸ்டோரில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். பழைய பின்னை இரண்டாக வெட்டி என் உள்ளங்கையில் வைத்தால்தான் புதுப் பின் கொடுப்பேன். புத்தகத்தில் இருக்கிற சட்டம் இல்லை, நானே வைத்தது. யாராவது சோம்பல்பட்டுப் பழையதையே செருகிவிடக் கூடாது அல்லவா? ஆறு இன்ஜினியர்கள் மாறினார்கள். ஆறு பேரும் நல்ல ஒழுங்கு என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்புக்கடையில் ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே ஒரு சாமானைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஆணிப் பெட்டியில் ஓர் ஆணி, வாஷர் பெட்டியில் ஒரு வாஷர். அதற்கு மாதிரி என்று பெயர். என் ஸ்டோரிலும் அதே பழக்கம்தான், சரக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்ததும் ஒன்றை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிடுவேன். மாதிரி விற்பனைக்கு இல்லை, கணக்கிலும் சேராது. அது பெட்டிக்கு மூக்கு மாதிரி. மூக்கை யாராவது எண்ணுவார்களா?

நவம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. வானம் மூட்டமாக இருந்தது, காற்று இன்னும் எழவில்லை. கொக்கியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய தவணை அந்த வாரம். மேத்யூ சார் நிஷாந்திடம் சொன்னது எனக்கு ஜன்னலில் கேட்டது. ஸ்டோரில் பின் இருந்தால் மட்டும் கழற்று, இல்லாவிட்டால் வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார். சரியான உத்தரவு. அவர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

நிஷாந்த் தமிழ்ப் பையன்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது நாக்பூர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மற்றவர்கள் ஜன்னலுக்கு வந்தால், சாமான் இருக்கிறதா என்று இந்தியில் கேட்பார்கள், ‘ஹை க்யா?’ என்று. நானும் ‘நஹி ஹை’ என்று பட்டென்று சொல்லிவிடுவேன். இந்தியில் சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இருந்ததில்லை. இருப்பு அட்டையில் இங்கிலீஷில் ‘நில்’, அதாவது பூஜ்யம், என்று எழுதுவேன், அதற்கும் கை கூசாது. அவன் ஒருவன் மட்டும் வயசானவர் என்று மரியாதை வைத்துத் தமிழில் கேட்பான். தப்புத் தப்பாக, ஆனால் ஐயா போடாமல் பேசமாட்டான்.

ஒன்பது ஐம்பதுக்கு வந்தான். ‘ஐயா, ஹூக் பின்னு இருக்கா?’

பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும், முந்தின வாரம் கடைசி ஒன்று போய்விட்டது. புதுப் பாக்கெட் ரயிலில் வந்துகொண்டிருந்தது. அட்டையில் பூஜ்யம். என் கையெழுத்தில், தேதியோடு.

‘நிறைஞ்சிருக்குப்பா’ என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. நல்லது. விருதுநகர் கடையில் முதல் நாள், முதல் ஆள் வந்து கீல் கேட்டார். நான் இல்லை என்றேன். மாமா எல்லார் முன்னாலும் அறைந்தார். சரக்கைப் பற்றி அந்தச் சொல்லை அதோடு விட்டேன். மற்றதற்கெல்லாம் சொல்வேன், சரக்குக்கு மட்டும் நாக்கு எழும்பாது. குருவம்மாள் அப்போது ஜன்னலுக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்தது. அப்புறம் ஒருநாள் அவளிடம் கேட்டேன். ‘தீந்துபோச்சுன்னு சொல்லுறீக, அந்தப் புள்ளையும் தலைய ஆட்டிட்டுப் போகுதுன்னு நெனச்சேன்யா’ என்றாள். தலையை ஆட்டினான், ஆமாம். ‘தேங்க்ஸ் ஐயா’ என்றும் சொன்னான். தீர்ந்துபோன சாமானுக்கு ஒருவன் எதற்கு நன்றி சொல்கிறான் என்று நான் யோசித்திருக்க வேண்டும் என்கிறார்கள். மரியாதையான பையன், எதற்கும் நன்றி சொல்வான்.

பத்து முப்பத்தொன்றுக்கு மறுபடி வந்தான். என் உள்ளங்கையில் பழைய பின்னை வைத்தான். இரண்டு துண்டு. என் ஒழுங்குப்படி சரியாக நடுவில் வெட்டியிருந்தான்.

அதே நேரத்தில் ஹேங்கரில் மணி அடித்தது.

விசைப்படகு ஒன்று, ஆறு பேர். இன்ஜின் நின்று, பலகை விட்டு, தண்ணீர் ஏறுகிறது. காற்று அங்கே பிடித்துவிட்டது. கப்பல் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். ஹெலிகாப்டருக்கு முப்பத்து நான்கு நிமிடம். கொக்கியை மாட்டி, ஹெலிகாப்டரை வெளியே இழுக்கப் பதினைந்து நிமிடம் வைத்து, பத்து நாற்பத்தாறுக்குக் கிளம்புகிறோம் என்று மூத்த விமானி சொன்னார். எல்லாரும் ஓடினார்கள். நிஷாந்த் மட்டும் என் ஜன்னலில் கையை நீட்டியபடி நின்றான்.

‘ஐயா, பின்னு.’

‘என்னப்பா இது, காலையிலயே சொன்னேனே.’

‘சொன்னீங்க. ஃபுல்லா இருக்குன்னு சொன்னீங்க.’

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்த இரண்டு துண்டைப் பார்த்தான். அவனுக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக ‘ஐயா, நிறைஞ்சிருக்குன்னா என்ன?’ என்று கேட்டான்.

மேத்யூ சார் வந்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. பக்கத்து அளவில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நூற்றுப் பதின்மூன்று, நூற்றுப் பதினைந்து, இரண்டையும் கொட்டிப் பார்த்தோம். ஒன்று ஓட்டையில் நுழையாது, ஒன்று நுழைந்து ஆடும். பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்தோம். எல்லாம் வெட்டின துண்டுகள். நான் வெட்டச் சொன்ன துண்டுகள். சிறு கம்பியை முறுக்கிக் கட்டலாமா என்று மற்ற டெக்னீஷியன் கேட்டான். மேத்யூ சார் கூடாது என்று தலையை அசைத்தார். கொக்கி இல்லாமலே போய் மிதவையைப் போட்டுவிட்டு வரலாம் என்றார் இளைய விமானி. இந்த அலையில் மிதவையை யார் பிடித்து ஏறுவது என்று நீச்சல்காரர் கேட்டார். கடைசியில் மூத்த விமானி முடிவு சொன்னார். பதினொன்று ஐந்து வரைக்கும் பார்ப்போம், அந்தப் பின் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அப்புறம் கிளம்புவோம் என்றார்.

இந்தத் தேடலில் ஏழு நிமிடம் போனது.

குருவம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று என் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். ‘ஐயா, நான் தெனமும் துணி போட்டுத் தொடைக்கேனே, அந்தா தொங்குது. அது என்ன?’

‘அது மாதிரி.’

‘மாதிரின்னா? அது பின்னு இல்லையா?’

‘பின்னுதான். ஆனா மாதிரி.’

நிஷாந்த் உள்ளே கையை விட்டுவிட்டான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். அதை நான் மறைக்கவில்லை, விசாரணையிலும் சொன்னேன். மாதிரியைக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எழுதுவது? பாக்கெட் எண் இல்லாத பின் விமானத்தில் ஏறலாமா? அது நல்ல பின்னா, போலியா என்று யார் கையெழுத்துப் போடுவது? இதைத்தான் சொன்னேன். இரண்டு நிமிடம்தான். நான்கு என்று அறிக்கையில் இருக்கிறது, அது தப்பு. இரண்டு.

மேத்யூ சார் என் பக்கத்தில் வந்து, ‘தெய்வநாயகம் ஐயா, இது ஏது பாக்கெட்டில் இருந்து எடுத்தது, உங்களுக்கு அறியுமோ?’ என்று கேட்டார். மலையாளம் கலந்த தமிழ். என்னை ஐயா என்று அவர் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எனக்குத் தெரியாமல் இருக்குமா? மாதிரிக்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். அரசாங்க நோட்டு இல்லை, என் காசில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு. எந்தப் பெட்டி, எந்தத் தேதி, எந்தப் பாக்கெட், எல்லாம் இருக்கும். அது பீரோவின் அடித்தட்டில் இருந்தது. எடுத்து, பக்கத்தைப் பிடித்து, பாக்கெட் எண்ணைப் பழைய சான்றிதழோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம். மேத்யூ சார் லென்ஸ் வைத்துப் பின்னைப் பார்த்துக் கையெழுத்துப் போட நான்கு நிமிடம். நூலை நான்தான் கத்தரித்தேன்.

ஏழு, இரண்டு, ஐந்து, நான்கு. பதினெட்டு நிமிடம். பத்து நாற்பத்தாறுக்குக் கிளம்ப வேண்டியது பதினொன்று நான்குக்குக் கிளம்பியது. அது எழும்பினபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நூற்றுப் பதினான்காம் பெட்டி மட்டும் மூக்கில்லாமல் நின்றது.

பதினொன்று முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து பேரை ஏற்றினார்கள். ஆறாவது ஆள் பெயர் பாக்கியதாசு, முப்பத்தொரு வயது. படகு கவிழ்ந்ததும் மற்றவர்கள் அதன் வயிற்றில் ஏறிப் படுத்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் தோள் எலும்பு இறங்கிவிட்டது, ஏற முடியவில்லை. தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஹெலிகாப்டர் போய்ச் சேர்வதற்கு முன்னால் கை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் கரையில் கிடைத்தார்.

அப்புறம் விசாரணை. நல்ல மனிதர்கள், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இங்கிலீஷில் கேட்டார்கள், ஒருவர் தமிழில் சொன்னார். நிஷாந்திடம் என்ன சொன்னீர்கள்? நிறைஞ்சிருக்கு என்று சொன்னேன். அப்படியென்றால் என்ன? தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மொழிபெயர்த்தவர் என்னை ஒருமுறை பார்த்தார், எழுதினவரை ஒருமுறை பார்த்தார், கடைசியில் ‘ஃபுல்’ என்று சொன்னார். நிஷாந்தும் மறைக்காமல் சொன்னான். ‘ஐயா பொய் சொல்லல. எனக்குத்தான் தமிழ் பத்தல’ என்றான். அதையும் எழுதவில்லை.

அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினார்கள். ஒன்று, பாக்கியதாசு ஏறக்குறைய பதினொன்றேகாலுக்குக் கை விட்டார்; தாமதமில்லாமல் போயிருந்தாலும் பதினொன்று இருபதுக்குத்தான் போயிருக்க முடியும்; ஆகவே தாமதத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை. இரண்டு, ஸ்டோரில் கையிருப்புக் கணக்கு தவறாக இருந்தது.

முதலாவது எனக்கு ஆறுதல்தானே என்று என் வீட்டுக்காரி சொல்வாள். இருக்கட்டும். இரண்டாவதைப் பாருங்கள். கணக்கு தவறாம். இருபத்தாறு வருஷம், நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி, ஒரு வாஷர் கூடினதில்லை, குறைந்ததில்லை. அட்டையில் பூஜ்யம் இருந்தது, பெட்டியிலும் பூஜ்யம் இருந்தது. கணக்கு எங்கே தவறியது? வார்த்தை தவறியது என்று எழுதட்டும், ஒழுங்கு தவறியது என்று எழுதட்டும், ஒத்துக்கொள்கிறேன். கணக்கு என்று எழுதலாமா? அந்த வரியோடுதான் ஓய்வு பெற்றேன். இரண்டு மனு போட்டேன், இரண்டும் திரும்பின. புதிதாக ஆதாரம் இருந்தால்தான் மூன்றாவது மனுவைத் தொடுவார்களாம்.

அந்த அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ‘ஏறக்குறைய’ என்ற சொல் கண்ணை உறுத்தியது. ஏறக்குறையப் பதினொன்றேகால் என்பது ஒரு கணக்கா? படகு ஓட்டின ஸ்ராங்கு அப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. வேறு ஒருவர் குத்துமதிப்பாகச் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். சரியான நேரத்தை நான் கொண்டுபோய் வைத்தால், பாருங்கள், உங்கள் அறிக்கையில்தான் கணக்கு தவறு, என் ஸ்டோரில் இல்லை என்று காட்டலாம். அதற்காகத்தான் இன்றைக்குக் காலையில் கிளம்பி வந்தேன். பதினொன்று பன்னிரண்டோ, பதினாலோ, ஏதோ ஒன்று. எனக்குச் சரியான எண் வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ராங்கு பெயர் கித்தேரியான். தொண்டிக்கு வடக்கே ஒரு குப்பம். வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் யார் என்று முழுதாகச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. தளத்தில் வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன். உடனே எழுந்துவிட்டார். ‘உங்காளுக வராட்டி நாங்க அஞ்சு பேரும் இன்னைக்கு இல்லண்ணாச்சி’ என்றார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். கைக்கடிகாரம், தண்ணீர் புகாதது. சவுதியில் இருக்கிற மச்சான் கொடுத்ததாம், அன்றைக்கும் அதைத்தான் கட்டியிருந்தாராம்.

நான் கேட்டேன். ‘அவர் கை விட்ட நேரம் ஏதாவது ஞாபகம் இருக்கா?’

வலையைக் கீழே வைத்தார். ‘பதினொன்னு இருவத்தினாலு’ என்றார்.

ஏறக்குறைய என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ‘நல்லாத் தெரியுமா?’ என்றேன்.

‘நாந்தானண்ணாச்சி அவனுக்கு மணி சொல்லிக்கிட்டே கெடந்தேன். வயர்லெஸ் சாகுறதுக்கு முன்னாடி உங்காளுக சொன்னாக, பதினொன்னு இருவதுக்கு வந்துருவோம்னு. நான் அவன்ட்டக் கத்துனேன், பாக்கியம், பதினொன்னு இருவது வரைக்கும் புடிச்சிக்கடா, இருவது வரைக்கும்னு. புடிச்சான். இருவதாச்சு. இந்தா வந்துருவாகடான்னேன். இருவத்திரெண்டு. மணி என்னன்னு அவனே கேட்டான். அப்பக் கூட நான் பொய் சொன்னேன், பதினெட்டுதான் ஆகுது, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குன்னு. இருவத்தினாலுக்கு விட்டுட்டான்.’

பதினொன்று இருபது என்று படகுக்குச் சொன்னது எனக்குத் தெரியாது. வயர்லெஸ் அறை வேறு கட்டிடம். பத்து நாற்பத்தாறும் முப்பத்து நான்கும் சேர்ந்தால் பதினொன்று இருபதுதான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் ஜன்னலில் நிஷாந்த் கையை நீட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது கித்தேரியான் இந்தப் பையைக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை. நெத்திலி, எண்ண முடியாது.

தேவிபட்டினம் வருகிறது, நீங்கள் இறங்க வேண்டும். அரிசியை மறந்துவிடாதீர்கள். மனுவில் இந்த எண்ணை எழுதத்தான் வேண்டும். தெரிந்த எண்ணை மறைத்துவிட்டுக் கணக்கு சரி என்று நான் எழுத முடியாது. நான் பேருந்தில் ஏறினதிலிருந்து போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று முறை. பதினொன்று இருபதுக்குப் போயிருந்தால் நான்கு நிமிடம் கையில் இருக்கிறது. கயிறு இறக்குகிறவர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார், படகில் இருக்கிறவனை விட்டுவிட்டுத் தண்ணீரில் கிடக்கிறவனைத்தான் முதலில் எடுப்போம், கொக்கி இறங்கி ஆளை மாட்ட மூன்று நிமிடம் என்று. நான்கில் மூன்று போனால் மீதி ஒரு நிமிடம்.